மார்கழிக் குளிரும் கிளம்பாத வண்டியும் - ஒரு சின்ன வரலாறு

மார்கழி மாதம், விடியற்காலை ஐந்தரை மணி. தர்மபுரி மாவட்டம் ஏரியூரில் இன்னும் பனி இறங்கிக்கொண்டிருக்கிறது. தெருவில் கோலம் போடுகிறவர்களுக்கு முன்பே எழுந்துவிட்ட ஒரு சத்தம் கேட்கிறது. "டக்... டக்... டக்..." யாரோ கிக்கரை உதைக்கிறார். பால் கேன் பின்னால் கட்டியாயிற்று, மப்ளர் சுற்றியாயிற்று, வண்டி மட்டும் கிளம்பவில்லை. பத்தாவது உதையில் மூச்சு வாங்குகிறது. "நேத்து ராத்திரி நல்லாத்தானே ஓடுச்சு?" என்று வண்டியையே கேட்கிறார்.

நியாயமான கேள்விதான்! ஆனால் இதற்குப் பதில் தேடிப் போனால் 140 வருட வரலாறு ஒன்று வரிசையாக வந்து நிற்கிறது. மோட்டார் சைக்கிளின் வரலாறு என்றால் வேகத்தையும் குதிரை சக்தியையும்தான் எல்லோரும் எழுதுவார்கள். குளிர்ந்து கிடக்கும் இன்ஜினை முதல் முறை உயிர்ப்பிப்பது எப்படி என்ற கேள்வி அதே அளவு பழையது. யார் வண்டி ஓட்டலாம், யார் ஓட்ட முடியாது என்பதையே பல காலம் அந்தக் கேள்விதான் தீர்மானித்தது.

குளிர் அப்படி என்னதான் செய்கிறது?

பெட்ரோல் திரவமாக இருக்கும்போது எரிவதில்லை, அதன் ஆவிதான் எரிகிறது. சுமார் 14.7 கிராம் காற்றுக்கு 1 கிராம் பெட்ரோல் என்ற கணக்கில் ஆவி கலந்தால் முழுமையாக எரியும். பெட்ரோல் என்பது ஒரே பொருள் அல்ல, பல வகை ஹைட்ரோகார்பன்களின் கலவை. குளிரில் அவற்றில் இலேசானவை மட்டுமே ஆவியாகின்றன. மீதி, இன்ஜினுக்குள் போகும் வழியிலேயே குழாய்ச் சுவரில் ஈரமாக ஒட்டிக்கொள்கிறது. ஆக, போனது போதுமான பெட்ரோல்தான், ஆனால் எரியக்கூடிய ஆவியாகப் போய்ச் சேர்ந்தது குறைவு. அதனால்தான் குளிர்ந்த இன்ஜினுக்கு வழக்கத்தைவிடக் கூடுதல் பெட்ரோல் கொடுக்க வேண்டியிருக்கிறது.

இரண்டாவது, இன்ஜின் ஆயில். குளிரில் அது கெட்டியாகிறது, கிக்கரை உதைத்தாலும் இன்ஜின் மெதுவாகத்தான் சுற்றும். மூன்றாவது, பேட்டரி. உள்ளே நடக்கும் வேதிவினை குளிரில் மந்தமாகிறது. அதிகச் சக்தி தேவைப்படும் நேரத்தில் பேட்டரி குறைவாகக் கொடுக்கிறது!

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஏரியூர் ஒன்றும் காஷ்மீர் இல்லை. இங்கே தண்ணீர் உறைவதில்லை. நல்ல நிலையில் உள்ள வண்டி மார்கழியிலும் ஒன்றிரண்டு உதையில் கிளம்ப வேண்டும். கிளம்பவில்லை என்றால், பிளக்கிலோ பேட்டரியிலோ கார்புரேட்டரிலோ ஏற்கெனவே ஒரு பலவீனம் இருந்திருக்கிறது. பகல் நேரச் சூடு அதை மறைத்து வைத்திருந்தது, அவ்வளவுதான். குளிர் பழுதை உண்டாக்குவதைவிட, இருக்கிற பழுதைக் காட்டிக்கொடுப்பதுதான் அதிகம்.

நெருப்பு மூட்டிக் கிளப்பிய காலம்

1885ல் ஜெர்மனியில் காட்லீப் டைம்லரும் வில்ஹெல்ம் மேபாக்கும் செய்த மர வண்டியைத்தான் முதல் பெட்ரோல் மோட்டார் சைக்கிள் என்பார்கள். அதில் ஸ்பார்க் பிளக் கிடையாது. இன்ஜினோடு இணைந்த ஒரு சின்னக் குழாயை வெளியிலிருந்து நெருப்பு வைத்துப் பழுக்கக் காய்ச்ச வேண்டும், அந்தச் சூட்டில் உள்ளே இருக்கும் கலவை பற்றிக்கொள்ளும். அந்த நெருப்பு இருந்தது ஓட்டுபவரின் இருக்கைக்குக் கீழே. ஓட்டிப் பார்த்தபோது இருக்கை தீப்பிடித்தது என்று ஒரு கதையும் உண்டு.

1894ல் மியூனிக் நகரில் ஹில்டெபிராண்ட் - வோல்ஃப்முல்லர் என்ற வண்டி தொழிற்சாலையில் வரிசையாகச் செய்து விற்பனைக்கு வந்தது. அதில் கிளட்ச் கிடையாது. தள்ளிக்கொண்டே ஓடி, இன்ஜின் பிடித்ததும் தாவி ஏற வேண்டும். நம் ஊரில் இன்றும் பேட்டரி தீர்ந்துபோனால் நடக்கும் "தள்ளு ஸ்டார்ட்" அன்று அவசரத்துக்கான வழி அல்ல, அதுதான் அதிகாரப்பூர்வமான வழி!

நெருப்புத் தொல்லைக்கு முடிவு கட்டியது மின்பொறி. 1902ல் பாஷ் நிறுவனத்தின் பொறியாளர் காட்லோப் ஹொனோல்ட் உயர் மின்னழுத்த மேக்னெட்டோவையும் அதற்கேற்ற ஸ்பார்க் பிளக்கையும் உருவாக்கினார். பேட்டரி இல்லாமலே, இன்ஜின் சுற்றும் சுற்றிலேயே பொறி கிடைத்தது. சில வருடங்களில், 1908ல் உற்பத்தி தொடங்கிய இங்கிலாந்தின் ஸ்காட் வண்டிகள் வழியாகக் கிக் ஸ்டார்ட்டர் பிரபலமானது. ஓட வேண்டாம், நின்ற இடத்தில் உதைத்தால் போதும். ஆனால் உதைக்கக் கால் வேண்டுமே? அந்தக் கேள்வி இன்னும் அறுபது எழுபது வருடங்களுக்கு நம் நாட்டில் கேட்கப்படவே இல்லை.

புல்லட் என்ற பாடசாலை

1950களின் தொடக்கத்தில் இந்திய ராணுவம் எல்லைக் காவலுக்காக ராயல் என்ஃபீல்டு புல்லட்டைத் தேர்ந்தெடுத்தது. 1955ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெட்டிச் நகர நிறுவனமும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. சென்னை திருவொற்றியூரில் புல்லட் உருவாக ஆரம்பித்தது. இங்கிலாந்தில் தாய் நிறுவனம் 1970 வாக்கில் மூடப்பட்ட பிறகும் திருவொற்றியூரில் உற்பத்தி நிற்கவில்லை.

புல்லட் 350ன் இன்ஜின் 346 சி.சி. ஒரே சிலிண்டர், பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம் 90 மில்லிமீட்டர். அவ்வளவு பெரிய பிஸ்டன் காற்றை அழுத்தும் நிலையில் நின்றுகொண்டிருந்தால், ஒரு ஆள் ஏறி நின்றாலும் கிக்கர் இறங்காது. ஆகவே அதைக் கிளப்ப ஒரு முறை இருந்தது. சாவியைத் திருப்ப வேண்டும். கிக்கர் கனமாகும் இடம் வரை மெதுவாக அழுத்த வேண்டும். பிறகு டீகம்ப்ரஷன் லீவரைப் பிடித்துச் சிலிண்டரில் அடைபட்ட காற்றை வெளியேற்றியபடி, பிஸ்டனை உச்சியைச் சற்றே தாண்ட விட வேண்டும். அப்போது ஹெட்லைட் மேல் இருக்கும் ஆம்மீட்டரின் முள் நடுவுக்கு வரும். இன்ஜினுக்குள் இருக்கும் பாயிண்ட் திறந்துவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். லீவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, ஒரே மூச்சில் முழு உதை!

குளிர் நாளில் இன்னொரு வேலையும் சேரும். பழைய வண்டிகளின் கார்புரேட்டரில் ஒரு சின்னக் குமிழ் இருக்கும். அதை அழுத்தினால் உள்ளே இருக்கும் மிதவை கீழே இறங்கி, பெட்ரோல் நிரம்பி வரும். கையில் பெட்ரோல் ஈரம் பட்டால் போதும் என்பது கணக்கு. கூடுதலாக அழுத்தினால் பிளக் நனைந்து, வண்டி அடம் பிடிக்கும்.

அரைகுறையாக உதைத்தால் என்ன ஆகும்? பிஸ்டன் உச்சிக்குப் போவதற்குக் கொஞ்சம் முன்பே பொறி விழும்படி அமைக்கப்பட்டிருப்பதால், வேகம் போதாதபோது வெடிப்பு பிஸ்டனைப் பின்னோக்கித் தள்ளும். கிக்கர் திருப்பி அடிக்கும். கணுக்கால் வீங்கிய கதைகள் அந்தத் தலைமுறையில் ஏராளம். இதனால் புல்லட் ஓட்டத் தெரிவது ஒரு திறமை என்றால், அதைக் கிளப்பத் தெரிவது தனித் திறமையாக இருந்தது. அதற்கு ஒரு கௌரவமும் இருந்தது. ஒல்லியானவர்கள், வயதானவர்கள், காலில் குறை உள்ளவர்கள், புடவை கட்டியவர்கள் எல்லோரையும் அந்த ஒரு உதை வாசலிலேயே நிறுத்திவிட்டது என்பதும் உண்மை.

சாய்த்துப் பிடித்த ஸ்கூட்டர்

1972ல் வந்த பஜாஜ் சேட்டக்கை மறக்க முடியுமா? குளிர் காலையில் அப்பாமார்கள் ஸ்கூட்டரை இன்ஜின் பக்கமாகச் சாய்த்து, சில நொடி வைத்திருந்து, நிமிர்த்தி உதைப்பார்கள். பார்ப்பதற்குப் பூஜை மாதிரி இருக்கும். ஆனால் அதன் பின்னால் அறிவியல் இருக்கிறது. சாய்க்கும்போது கார்புரேட்டரில் பெட்ரோல் மட்டம் ஏறி, கொஞ்சம் கூடுதலாக உள்ளே போகும். புல்லட்டில் குமிழ் செய்ததை இங்கே புவியீர்ப்பு செய்தது!

மைசூரில் 1961 முதல் உருவான ஜாவாவும், அதன் வழி வந்த யெஸ்டியும் வேறு ரகம். அவற்றில் கிக்கரும் கியர் லீவரும் ஒரே தண்டுதான். இவையெல்லாம் டூ ஸ்ட்ரோக் வண்டிகள், பெட்ரோலோடு ஆயிலும் சேர்ந்து எரியும். பிளக்கில் கரி பிடிப்பது அன்றாட நிகழ்ச்சி. ஆகவே டூல் பாக்ஸில் பிளக் ஸ்பேனரும் ஒரு துண்டு உப்புத்தாளும் கட்டாயம் இருக்கும். பிளக்கைக் கழற்றித் தேய்த்துப் போடத் தெரியாதவர் வண்டி வைத்துக்கொள்ள முடியாது.

இவ்வளவு தொல்லை இருந்தும் நிறுவனங்கள் ஏன் மாற்றவில்லை? இங்கேதான் வணிகவியல் வருகிறது. அது லைசென்ஸ் ராஜ்ஜியக் காலம். எவ்வளவு உற்பத்தி செய்யலாம் என்பதை அரசு தீர்மானித்தது. ஸ்கூட்டருக்குப் பணம் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்தார்கள். வாசலில் வரிசை நிற்கும்போது, எளிதாகக் கிளம்பும் வண்டியைச் செய்ய யாருக்கு அவசரம்? வாடிக்கையாளரின் காலைவலி எந்தக் கணக்குப் புத்தகத்திலும் செலவாக எழுதப்படவில்லை.

தர்மபுரி மாவட்டத்திலிருந்து ஒரு பதில்

அந்த நிலை மாறியதில் இந்த மாவட்டத்துக்கும் பங்கு உண்டு என்பது பலருக்குத் தெரியாது. ஓசூர் இன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருக்கிறது. ஆனால் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004 பிப்ரவரியில்தான். அதற்கு முன் ஓசூர் தர்மபுரி மாவட்டத்தைச் சேர்ந்தது. 1980ல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வெளிவந்தது. சைக்கிள் போலவே பெடல் வைத்த மொபெட், ஸ்டாண்ட் போட்டுப் பெடலை மிதித்தால் கிளம்பிவிடும். புல்லட்டுக்குத் தேவைப்பட்ட சாகசம் எதுவும் வேண்டாம். சின்ன இன்ஜினைச் சுற்ற சின்ன பலம் போதும் என்ற எளிய உண்மைதான் அதன் ரகசியம். கிராமத்து வியாபாரியும், அதுவரை சைக்கிளில் போன ஆசிரியரும் மோட்டாருக்கு மாறினார்கள்.

1980களில் 100 சி.சி. வரையிலான வண்டிகளுக்கு வெளிநாட்டுக் கூட்டை அரசு அனுமதித்தது. 1984ல் அதே ஓசூரிலிருந்து இண்ட் சுசூகி வந்தது. 1985ல் ஹீரோ ஹோண்டா சி.டி. 100, அதே ஆண்டில் யமஹா ஆர்.எக்ஸ். 100 என வரிசை கட்டின. போட்டி வந்தது, குளிர் காலையும் சுலபமானது. காலப்போக்கில், தேய்ந்து இடைவெளி மாறிக்கொண்டே இருக்கும் பாயிண்ட்டுக்குப் பதிலாக மின்னணு இக்னிஷன் வந்தது. குமிழை அழுத்துவதும் வண்டியைச் சாய்ப்பதும் போய், ஒரு சின்ன சோக் லீவர் மிஞ்சியது. சோக் என்றால் காற்றை அடைப்பது என்று பொருள். பிற்காலக் கார்புரேட்டர்கள் பலவற்றில் அது காற்றை அடைப்பதே இல்லை, கூடுதல் பெட்ரோலுக்கு ஒரு தனிப்பாதையைத் திறந்துவிடும். பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

பொத்தானை அழுத்தினால் போதும்

மின்சாரத்தால் கிளப்பும் யோசனை புதியதல்ல. 1914லேயே அமெரிக்காவின் இண்டியன் நிறுவனம் செல்ஃப் ஸ்டார்ட்டர் வைத்த வண்டியை வெளியிட்டது. அன்றைய பேட்டரிகள் தாங்கவில்லை, முயற்சி தோற்றது. 1958ல் ஹோண்டா சூப்பர் கப் வந்து, 1960ல் அதிலேயே செல்ஃப் ஸ்டார்ட் வைத்த சி 102 வந்தபோதுதான் அது சாமானியர் வண்டிக்கு இறங்கியது. இந்தியாவில் 1984ல் வந்த கைனடிக் ஹோண்டா, கியரும் இல்லாமல் கிக்கர் உதைக்கும் வேலையும் இல்லாமல் ஒரு ஸ்கூட்டர் ஓட முடியும் என்று காட்டியது. 2001ல் ஆக்டிவா வந்த பிறகு அது பொது வழக்கமானது.

இதன் விளைவை எண்ணிப் பாருங்கள். கல்லூரிக்குப் போகும் பெண், பள்ளியில் பிள்ளையை விடும் தாய், அறுபது வயது ஓய்வூதியர், இவர்களுக்கெல்லாம் வண்டியை ஓட்டும் திறமை என்றுமே குறைவாக இருந்ததில்லை. தடையாக இருந்தது கிளப்பும் அந்த ஒரு உதைதான். உதை போனதும் சாலையில் ஆட்கள் மாறினார்கள். ஒரு சின்ன மோட்டாரும் பேட்டரியும் செய்த சமூக மாற்றம் இது!

சில்லு செய்யும் வேலை

2006ல் ஹீரோ ஹோண்டா கிளாமர் எஃப்.ஐ. இந்தியாவில் ஃபியூயல் இன்ஜெக்‌ஷனைக் கொண்டு வந்தது. 2009ல் ராயல் என்ஃபீல்டின் கிளாசிக் 500ம் அந்த வழிக்கு வந்தது. 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 விதிகள் கட்டாயமானதும், பெரும்பாலான வண்டிகளில் கார்புரேட்டர் விடைபெற்றது. இன்ஜின் எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்பதை ஒரு சென்சார் அளக்கிறது. அதற்கேற்ப எவ்வளவு பெட்ரோல் பீய்ச்ச வேண்டும் என்று ஒரு சின்னக் கணினி முடிவு செய்கிறது. குமிழை அழுத்திய விரல், சேட்டக்கைச் சாய்த்த கை, சோக்கை இழுத்த கை எல்லாவற்றின் அனுபவமும் இன்று ஒரு சில்லுக்குள் எழுதப்பட்டிருக்கிறது.

2021ல் வந்த புதிய கிளாசிக் 350ல் கிக்கரே கிடையாது. ஆம்மீட்டர் பார்த்து உதைத்த பரம்பரையின் வாரிசுக்கு இப்போது பொத்தான் மட்டும்தான். வசதிதான். ஆனால் பேட்டரி செத்துப்போன காலையில், கால் இருந்தும் உதைக்க எதுவும் இல்லை. பேட்டரி முழுவதும் தீர்ந்திருந்தால் பெட்ரோல் பம்ப்பும் ஓடாது, தள்ளினாலும் கிளம்புவது கடினம்.

கதை இத்தோடு முடியவும் இல்லை. 2025ல் இந்தியப் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 20 சதவீதத்தை எட்டியது. தனி எத்தனால் பெட்ரோலைவிடக் குளிரில் ஆவியாவது கடினம். பிரேசிலில் 2009ல் ஹோண்டா வெளியிட்ட, எத்தனாலிலும் ஓடும் சி.ஜி. 150 வண்டிக்கு, 15 டிகிரிக்குக் கீழே குளிர் போனால் டேங்கில் ஐந்தில் ஒரு பங்காவது பெட்ரோல் இருக்க வேண்டும் என்று சொல்லப்பட்டது. நம்முடைய கலவையில் பெட்ரோல்தான் பெரும்பங்கு என்பதால் அந்தச் சிக்கல் அப்படியே இங்கு வராது. ஆனால் எத்தனால் ஈரத்தை இழுக்கும். வாரக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்திய வண்டியில் பழைய பெட்ரோலை நம்புவது நல்லதல்ல.

வரலாறு சொல்லித் தரும் வரிசை

1885 முதல் இன்று வரை எல்லாக் கண்டுபிடிப்புகளும் மூன்றே விஷயங்களைச் சுற்றித்தான் வந்திருக்கின்றன: எரியக்கூடிய கலவை, சரியான நேரத்தில் பொறி, போதுமான அழுத்தம். அனுபவமுள்ள மெக்கானிக் தேடும் வரிசையும் இதுதான்.

முதலில் பெட்ரோல். டேங்கில் இருக்கிறதா, பெட்ரோல் டேப் திறந்திருக்கிறதா, சோக் வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். கார்புரேட்டர் வண்டி என்றால், சோக்கோடு உதைக்கும்போது ஆக்சிலரேட்டரைத் திருகக் கூடாது. பலமுறை உதைத்தும் கிளம்பாமல் பெட்ரோல் வாடை அடித்தால் பிளக் நனைந்துவிட்டது என்று பொருள். சோக்கை மூடி, ஆக்சிலரேட்டரை முழுக்கத் திறந்து சில உதைகள் விட்டால் உள்ளே காற்றோட்டம் கிடைக்கும். இன்ஜெக்‌ஷன் வண்டியில் சாவி போட்டதும் பம்ப்பின் "விர்ர்" சத்தம் அடங்கும் வரை இரண்டு மூன்று நொடி பொறுத்துப் பொத்தானை அழுத்த வேண்டும்.

அடுத்து பொறி. பிளக்கைக் கழற்றினால் அதுவே பேசும். பல உதைக்குப் பிறகும் காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை, கார்புரேட்டரின் ஸ்லோ ஜெட் அடைத்திருக்கலாம். நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, பொறி சரியில்லை. கரி படிந்து கறுத்திருந்தால் ஏர் ஃபில்டரையும், மூட மறந்த சோக்கையும் சந்தேகிக்கலாம். (திறந்த பிளக் துளைக்குப் பக்கத்தில் பொறி சோதித்துப் பார்ப்பது ஆபத்து, பெட்ரோல் ஆவி பற்றிக்கொள்ளும்.) பொத்தானை அழுத்தியதும் "டிக் டிக்" என்று மட்டும் கேட்டால் பேட்டரியைப் பார்க்க வேண்டும்.

கடைசியாக அழுத்தம். கிக்கர் காலுக்கு எதிர்ப்பே இல்லாமல் இறங்குகிறதா? ஃபோர் ஸ்ட்ரோக் வண்டியில் நாளடைவில் டாப்பெட் இடைவெளி குறைந்து, வால்வு முழுதாக மூடாமல் போகும். ஓடும்போது அது பெரிதாகத் தெரியாது. குளிர் காலையில்தான் தெரியும். கையேட்டில் சொன்ன இடைவெளியை வைத்துக்கொடுத்தால் பல வண்டிகள் மறுநாளே ஒழுங்காகக் கிளம்பும்.

ஏரியூர் தெருவுக்குத் திரும்புவோம். பால்காரர் பிளக்கைக் கழற்றிப் பார்க்கிறார், கறுப்பாக இருக்கிறது. வேட்டி நுனியில் துடைத்து, பல் துலக்கும் பழைய பிரஷ்ஷால் தேய்த்து மாட்டுகிறார். இரண்டாவது உதையில் வண்டி உறுமுகிறது. அவர் தாத்தா காலத்தில் ஒவ்வொரு ஓட்டுநருக்கும் தெரிந்திருந்த வேலை இது. இப்போது பாதி ஓட்டுநர்களுக்குப் பிளக் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. அறிவை இயந்திரத்திடம் ஒப்படைத்ததால்தான் இத்தனை பேர் ஓட்ட முடிந்தது, அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. ஆனால் ஒப்படைத்ததில் கொஞ்சத்தையாவது நாமும் கையில் வைத்திருந்தால், மார்கழி மாதத்தில் ஊர் எழும் முன்பே பால் சொஸைட்டிக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.